எலியின் விலாவில் ஒரு கண்ணாடி யன்னல்

வாசகர் கேள்வி – பதில்
பதில் எழுதுபவர்: இளைப்பாறிய மருத்துவ ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர், பரந்தன்

கேள்வி: அன்புள்ள அக்கா, சென்ற காலபோக அறுவடையில் என் கணவரைப் புடையன் கடித்தது. மூன்றாம் நாள் சிறுநீர் நின்றுவிட்டது. யாழ்ப்பாணத்துக்கு மாற்றி, ஒன்பது தடவை இயந்திரத்தில் குருதியைச் சுத்திகரித்தார்கள். சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை என்று சொன்ன வைத்தியரே நான்காவது கிழமை, இனி இயந்திரம் தேவையில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார். கிரியேற்றினின் என்ற குருதிக் கழிவின் அளவும் சரியாகிவிட்டதாம். செத்த சிறுநீரகம் எப்படித் திரும்ப உயிர்த்தது? உயிரோடிருக்கும் எலியின் சிறுநீரகத்தை நுணுக்குக்காட்டியால் பார்த்து இதையெல்லாம் கண்டுபிடிக்கிறார்கள் என்று மகன் சொல்கிறான். நம்பலாமா?
– குடும்பத்தலைவி, முரசுமோட்டை

பதில்: மகன் சொன்னது சரி, தங்கச்சி. ஒரு சொல்லை மட்டும் திருத்துகிறேன்: சிறுநீரகம் சாகவில்லை. முழுதாகச் செத்திருந்தால் அவர் இன்றும் இயந்திரத்தை நம்பித்தான் இருப்பார். உள்ளே கொஞ்சக் கலங்கள் செத்தன, கொஞ்சம் காயத்தோடு தப்பின, தப்பியவை செத்தவற்றின் இடத்தையும் நிரப்பின. இதை நான் இவ்வளவு துணிவாக எழுதுவதற்கு அந்த எலிகளும் ஒரு காரணம்.

முப்பத்தொரு வருடம் நான் சிறுநீரகத்தை அதன் வாசலில் நின்று மட்டுமே பார்த்தவள். என் மேசைக்கு வந்தது சிறுநீர். அதைக் கையால் சுற்றும் சுழற்றியில் போட்டு, அடியில் தங்கியதில் ஒரு துளியை வழுக்கியில் விட்டு, மூடித்துண்டு வைத்துப் பார்ப்பேன். 1990களில் வன்னியில் மின்சாரம் இல்லை. நுணுக்குக்காட்டிக்கு அடியில் இருக்கும் சிறு கண்ணாடியை யன்னல் வெயிலுக்குத் திருப்பித்தான் வேலை. மலேரியா வழுக்கிகள் குவிந்து கிடக்கும். மார்கழி மழை இருண்டுவிட்டால் எல்லா அறிக்கையும் அடுத்த நாளைக்குத்தான். பாம்பு கடித்தவர்களின் சிறுநீரிலும் எலிக்காய்ச்சல்காரரின் சிறுநீரிலும் மண்ணிறத்தில் சின்னச் சின்ன உருளைகள் தெரியும். சிறுநீரகத்தின் நுண்குழாய்க்குள் செத்த கலங்களும் கழிவும் இறுகி, குழாயின் வடிவத்திலேயே வெளியே வருபவை அவை. 2018 மார்கழி வெள்ளம் வடிந்த பிறகு வேலியில் தங்கிய தடியையும் கிடுகையும் பார்த்து, மேலே யாருடைய கொட்டில் போயிற்று என்று ஊகித்தோமே, என் வேலையும் அப்படித்தான். வெள்ளம் ஓடும்போது நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

சிறுநீரகத்தில் ஊசி குத்தித் துண்டெடுத்துப் பார்க்கலாம்தான். ஆனால் அது மெழுகில் புதைத்து, மெல்லிதாகச் சீவி, சாயம் ஏற்றிய துண்டு. எடுத்த கணத்தோடு அதன் கதை நின்றுவிடும். நேற்று அந்த இடம் எப்படி இருந்தது, நாளை எப்படி இருக்கும் என்று அதனிடம் கேட்க முடியாது.

எலியில் செய்வது வேறு. இருபத்தைந்து கிராம் அளவுள்ள சுண்டெலிக்கு மயக்கவாயு கொடுப்பார்கள். உடல் குளிர்ந்துவிடாமல் சூடான விரிப்பில் கிடத்தி, விலாப்பக்கம் சிறிதாகக் கீறி, அவரை விதை அளவான சிறுநீரகத்தை மெல்லக் கண்ணாடியோடு பொருத்துவார்கள். குருதிக்குழாய்கள் அறுக்கப்படுவதில்லை, குருதி ஓடிக்கொண்டே இருக்கும். நாளத்தில் ஒளிரும் சாயம் ஏற்றுவார்கள். டெக்ஸ்திரான் என்ற பெரிய மூலக்கூறில் சாயத்தைப் பிணைத்துவிட்டால் அது வடிகட்டியைத் தாண்டாது, குருதியிலேயே நிற்கும். குருதிநீர் ஒளிரும். செங்குழியங்கள் சாயத்தை உள்ளே விடாதபடியால் கறுப்பு நிழலாக ஓடும். அந்த நிழல்களை வைத்தே ஓட்டத்தின் வேகத்தை அளந்துவிடலாம். சிறிய சாயம் ஏற்றினாலோ, அது சில வினாடிகளில் வடிகட்டியைத் தாண்டி நுண்குழாய்க்குள் இறங்குவது தெரியும்.

ரொரன்ரோவில் இருக்கும் என் தங்கையின் மகள் இப்படியொரு காணொளியை அனுப்பினாள். கைபேசியில்தான் பார்த்தேன். வழுக்கியில் காய்ந்து ஒட்டிக் கிடக்கும் செங்குழியங்களை எத்தனை இலட்சம் எண்ணியிருப்பேன்! அவை வளைவில் உடம்பை மடித்து, நெளிந்து, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஓடுவதை அறுபத்தாறு வயதில்தான் கண்டேன். ஊற்றி வைத்த தேநீர் ஆறிப்போனது.

சேதத்தை எப்படிக் காண்கிறார்கள் என்றால், சிறுநீரகத்துக்குப் போகும் குருதிக்குழாயைச் சிறு கவ்வியால் இருபது, முப்பது நிமிடம் இறுக்கிவிட்டுத் திறப்பார்கள். புடையன் நஞ்சு செய்வது இதைவிடச் சிக்கலானது: குருதி உறையும் ஒழுங்கைக் குழப்பும், குருதியமுக்கத்தை விழுத்தும், நேரடியாகவும் தாக்கும். ஆனாலும் இரண்டிலும் பெரிதாக அடிபடுவது ஒரே பகுதி. மனிதச் சிறுநீரகம் ஒன்றில் ஏறத்தாழ பத்து இலட்சம் வடிகட்டிகள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சுருண்ட நுண்குழாய். இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து நாளொன்றுக்கு 180 லீற்றர் வடிக்கின்றன. வெளியே போவது ஒன்றரை லீற்றர் அளவுதான். வடித்ததில் மூன்றில் இரண்டு பங்கை அந்த நுண்குழாயின் முதற்பகுதியே திரும்ப இழுத்துவிடுகிறது. அவ்வளவு வேலைக்கு அவ்வளவு ஒட்சிசன் வேண்டும். குருதி தடைப்பட்டதும் முதலில் தள்ளாடுவது அந்தப் பகுதிதான்.

அங்கே உட்சுவரில் தூரிகை மயிர் போல நிற்கும் நுண்சடைமுளைகள் உதிர்கின்றன. கலங்களின் மேல் கொப்புளம் எழும்பி, கழன்று, நீரோட்டத்தோடு போகிறது. கீழே ஒடுங்கிய இடத்தில் எல்லாம் சேர்ந்து, வாய்க்காலில் வைக்கோல் அடைத்தது போல அடைத்துக்கொள்கிறது. "இது என்னுடைய உருளை!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்த பேரன் பயந்துபோனான். குருதிக்குழாய்ப் பக்கமும் அமைதி இல்லை. கவ்வியைத் திறந்த பிறகும் சில சந்துகளில் ஓட்டம் திரும்புவதில்லை. வெண்குழியங்கள் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன, குருதிநீர் வெளியே கசிகிறது.

இனி உங்கள் கேள்வியின் நடு. குழாயில் செத்தவை கழன்று போன இடம் வெறுமையாகக் கிடக்கும். தப்பிய அயற்கலங்கள் தங்கள் உயரத்தையும் தூரிகையையும் விட்டுவிட்டுத் தட்டையாகி, அந்த வெறும் இடத்துக்குள் பரவுகின்றன. பிரிந்து பெருகுகின்றன. இடம் நிரம்பியதும் மறுபடி எழும்பி நின்று பழைய வேலையை எடுக்கின்றன. வெகுகாலமாக ஒரு வாதம் இருந்தது: எலும்பு மச்சையிலிருந்து வேறு கலங்கள் வந்துதான் திருத்துகின்றன என்றார்கள் சிலர். 2008இல் பொஸ்ரனில் ஒரு குழுவினர் எலியின் நுண்குழாய்க் கலங்களுக்கு அழியாத நிற அடையாளம் இட்டு, காயம் ஆறிய பின் பார்த்தார்கள். புதிய கலங்களிலும் அதே நிறம். வெளியிலிருந்து வந்து அந்தச் சுவரை யாரும் கட்டவில்லை.

அதுவும் துண்டில் பார்த்த சாட்சிதான். ஒரே குழாயை நாள்தோறும் போய்ப் பார்ப்பதற்குத்தான் யன்னல் வந்தது. தைத்தேனியத்தால் ஆன சிறு வளையம், நடுவில் மெல்லிய கண்ணாடி. அதை எலியின் விலாத் தசையில் தைத்துவிடுவார்கள். எலி விழித்து, தின்று, ஓடித்திரியும். அடுத்த நாள் மயக்கி, அதே கண்ணாடியால் அதே இடத்தைப் பார்ப்பார்கள். குருதிக்குழாய்களின் கிளைகளை அடையாளம் வைத்து இடத்தைத் தேடிப் பிடிக்கிறார்கள். நாம் கவர்விட்ட பாலையைக் குறி வைத்துக் காட்டுப்பாதை பிடிப்பதில்லையா? இன்னும் வசதியாக, ஒவ்வொரு கலமும் நான்கு நிறங்களில் ஒன்றை எடுத்து, தன் பிள்ளைகளுக்கும் அதையே கொடுக்கும் எலிகளை உருவாக்கியிருக்கிறார்கள். மஞ்சள் ஒன்று மஞ்சள் நான்கானால் யார் பெற்றது என்று கேட்கத் தேவையில்லை. லேசராலேயே ஒரு குழாயின் சில கலங்களை மட்டும் சுட்டுவிட்டும் பார்த்திருக்கிறார்கள். குழாய்களுக்கு இடையே சும்மா கிடப்பதாக நாங்கள் எண்ணியிருந்த கலங்கள் காயத்தைச் சுற்றிக் கூடி, அது ஆறத் துணைநிற்கின்றன. துணைக்கு வரும் இந்தக் கூட்டமே, காயம் பெரிதாகி நெடுநாள் இழுத்தால், நாராகித் தழும்பும் போடுகிறது.

அதனால்தான், தங்கச்சி, உங்கள் கணவரை கிளினிக்குக்கு அனுப்புங்கள் என்கிறேன். கிரியேற்றினின் சரியாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அறிக்கையை எழுதும் மேசையில் இருந்தவள் சொல்கிறேன்: வடிகட்டும் ஆற்றலில் பாதியளவு போகும்வரை அந்த எண் பெரிதாக அசையாமலும் இருக்கும். ஆறாமல் தழும்பான குழாய்களின் வேலையை மிஞ்சியவை இழுத்துக்கொண்டிருக்கும். அமுக்கத்தையும் சிறுநீரில் புரதத்தையும் வைத்தியர் சொல்லும் தவணையில் பார்க்க வேண்டும். வயலால் வந்து உடம்பு நோகிறது என்று கடையில் டைக்குளோபினக் என்ற வலிமாத்திரையை வாங்கிப் போடுவதை நிறுத்தச் சொல்லுங்கள். நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

கேள்வி: பள்ளிக்கூட நுணுக்குக்காட்டியில் வெங்காயத் தோலை உரித்து வைத்தால்தான் தெரிகிறது. சற்றுத் தடித்தாலும் இருட்டு. வெட்டாத சிறுநீரகத்துக்குள் எப்படித் தெரியும்?
– உயர்தர மாணவி, மல்லாவி

பதில்: இந்தக் கேள்விக்காகவே உங்கள் ஆசிரியரைப் பாராட்ட வேண்டும், பிள்ளை. இழையம் பால் மாதிரி. பாலுக்குள் ரோச் அடித்தால் வெளிச்சம் நாலாபக்கமும் சிதறுமே, அப்படித்தான். ஒளிரும் சாயத்தை நீல ஒளியால் தூண்டினால், குவியத்துக்கு மேலும் கீழும் உள்ள சாயமெல்லாம் சேர்ந்து ஒளிர்ந்து படத்தைப் புகையாக்கிவிடும்.

இதற்கு மாற்று வழியைக் கணக்கில் முதலில் கண்டவர் மரியா கோப்பர்ட் மேயர் என்ற பௌதிகவியலாளர். 1931. ஒரு போட்டன் (ஒளித்துணுக்கு) செய்யும் வேலையை, அதில் பாதிச் சக்தியுள்ள இரண்டு போட்டன்கள் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்து செய்யலாம் என்றார். பாதிச் சக்தி என்றால் அலைநீளம் இரு மடங்கு: செந்நிறக்கீழ்க் கதிர். அது இழையத்தில் குறைவாகச் சிதறி ஆழமாக இறங்கும். ஆனால் இரண்டு போட்டன்கள் ஒரே மூலக்கூறில் ஒரே கணத்தில் சந்திப்பது எங்கே நடக்கும்? வற்றாப்பளைப் பொங்கலுக்கு முள்ளியவளையிலிருந்து நடந்து போயிருக்கிறீர்களா? வீதியில் எவரும் எவரையும் இடிப்பதில்லை. கோயில் வாசலில் மட்டும் இரண்டு தோளிலும் ஒரே நேரத்தில் இடி விழும். குவியம் அந்த வாசல். அங்கே மட்டும்தான் சாயம் ஒளிரும். மேலும் கீழும் இருட்டு, ஆகவே புகை இல்லை. வாசலைப் புள்ளி புள்ளியாக நகர்த்திப் படத்தைக் கட்டுகிறார்கள்.

அவ்வளவு நெரிசலை உண்டாக்க லேசர் வேண்டியிருந்தது. லேசர் வந்தது 1960இல். மரியா சொன்னது நிகழ்வதை 1961இல் கண்டார்கள். 1990இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் டெங்க், ஸ்ட்ரிக்லர், வெப் என்ற மூவர் அதை நுணுக்குக்காட்டியாக்கினார்கள். இப்போதைய லேசர்கள் வினாடிக்கு ஏறத்தாழ எட்டுக் கோடித் தடவை துடிக்கின்றன. ஒரு துடிப்பு வினாடியின் பத்து இலட்சம் கோடியில் ஒரு பங்கு அளவுதான் நிற்கும். (மரியா அமெரிக்காவில் பல வருடம் சம்பளம் இல்லாமலே பல்கலைக்கழகங்களில் வேலை செய்தவர். எங்கள் ஊரில் என்றால் தொண்டராசிரியர் என்போம். 1963இல் நோபல் கொடுத்தார்கள், அதுவும் வேறொரு ஆய்வுக்காக.)

இன்னொன்று: முதற்பகுதி நுண்குழாய்க்குச் சாயம் இல்லாமலே சற்று ஒளிரும் குணம் உண்டு. கலத்துக்குச் சக்தி உண்டாக்கும் இழைமணிகளில் இருக்கும் என்.ஏ.டி.எச். என்ற மூலக்கூறு அதற்குக் காரணம். ஒட்சிசன் நின்றதும் அது செலவாகாமல் தேங்கி, ஒளி கூடும். கலம் மூச்சுத் திணறுவதைச் சாயம் இல்லாமலே பார்த்துவிடலாம். உயிர்ச்சுவாசத்தில் இலத்திரன் கடத்தல் படித்திருப்பீர்கள், ஏன் தேங்குகிறது என்று நீங்களே எழுதிப் பாருங்கள்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். சிறுநீரகத்தில் இந்த ஒளியும் ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு, அதற்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான் போகிறது. இரண்டு மூன்று நுண்குழாய்களின் தடிப்பு. பலாப்பழத்தில் முள்ளைத் தாண்டிச் சற்று உள்ளே பார்த்தது போல. குருதி தடைப்படும்போது மிக மோசமாக அடிபடும் இடங்களில் ஒன்று மையவிழையத்தின் வெளிப்பகுதி; அது ஆழத்தில் இருக்கிறது, இந்த யன்னலுக்கு எட்டாது. பல எலிகளில் கலன்கோளங்கள்கூட, அதாவது அந்த வடிகட்டிகள்கூட, மேற்பரப்பில் அரிது. இந்தப் படங்களின் அழகில் மயங்குபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். எலி மூச்சுவிடும்போது படம் ஆடுவது வேறு தொல்லை. ஒரு கலத்தின் அகலம் அசைந்தாலே போதும், பார்த்த கலம் பக்கத்து வீட்டுக்காரனாகிவிடும்.

கேள்வி: வாயில்லாச் சீவனின் வயிற்றில் கண்ணாடி பதித்துத்தான் மனிதன் அறிவு பெற வேண்டுமா? உங்களுக்கு மனம் கூசவில்லையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், வவுனியா

பதில்: கூசுகிறது ஐயா. காணொளியில் யன்னல் தைத்த எலியைக் காட்டிய இடத்தில் நானும் கைபேசியைத் திருப்பி வைத்தேன்.

ஆனாலும் பழைய கணக்கைக் கேளுங்கள். காயம் ஆறுவதை முதலாம் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினான்காம் நாள் என்று பார்க்க வேண்டுமானால், முன்பு ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கூட்டம் எலிகளைக் கொன்று துண்டெடுக்க வேண்டும். அதிலும் முதலாம் நாள் எலியும் ஏழாம் நாள் எலியும் வேறு வேறு. ஒன்றின் காயத்தை இன்னொன்றின் தழும்போடு ஒப்பிடும் குருட்டுக் கணக்கு. யன்னல் வைத்தால் ஒரே எலியே எல்லா நாளுக்கும் பதில் சொல்கிறது. 1959இல் வில்லியம் ரசல், ரெக்ஸ் பேர்ச் என்ற இருவர், விலங்கில்லாமல் முடியுமானால் விலங்கை விடு, முடியாவிட்டால் எண்ணிக்கையைக் குறை, வேதனையைக் குறை என்று மூன்று நெறிகளைச் சொன்னார்கள். இன்று நெறிமுறைக் குழுக்கள் கேட்கும் கேள்விகளுக்கு அடிப்படை அதுதான். (புடையனுக்கு ரசல் விரியன் என்ற பேர் வரக் காரணமான ரசல் வேறு ஆள்.) யன்னல் எண்ணிக்கையைக் குறைக்கிறது, ஒவ்வோர் எலியும் சுமப்பதைக் கூட்டுகிறது என்றும் வாதாடலாம். வாதாடுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன். நான் ஆய்வுகூடத்தில் இருந்த நாளில் சிறுநீர் நின்று வந்த இளம் ஆண்களின் முகங்கள் எனக்குத் தெரியும் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

கேள்வி: அப்பாவுக்கு நாட்பட்ட சிறுநீரக நோய். காரணம் தெரியாத வகை என்கிறார்கள். அவருக்கும் இப்படி யன்னல் வைத்துக் காரணத்தைக் கண்டுபிடிக்க முடியாதா?
– மகள், நெடுங்கேணி

பதில்: முடியாது அம்மா. மனிதச் சிறுநீரகம் தடித்த உறைக்கும் கொழுப்புக்கும் பின்னால், முதுகுப்புறமாக இருக்கிறது. மனிதருக்கு இன்னும் ஊசியால் எடுக்கும் நூல் போன்ற துண்டுதான். வடமத்திய மாகாணத்தில் 1990களில் கவனத்துக்கு வந்த இந்த நோய் நுண்குழாய்களையும் அவற்றின் இடைவெளியையும் அரித்துத் தழும்பாக்குகிறது. இதுதான் காரணம் என்று ஒன்றை இன்னும் எவரும் எல்லாரும் ஏற்கும்படி நிறுவவில்லை. தண்ணீர், வெப்பம், விவசாய மருந்து என்று ஒவ்வொன்றையும் பிடித்துக்கொண்டு சண்டை நடக்கிறது. காரணத்தைக் கண்டுவிட்டதாக மருந்துப் போத்தலோடு வீட்டுக்கு வருபவரைப் படலையோடு திருப்பி அனுப்புங்கள். தழும்பு எப்படித் தொடங்குகிறது, எந்தக் கட்டத்தில் மறிக்கலாம் என்பதை எலிகள் சொல்லக்கூடும். அப்பாவுக்கு இன்று வேண்டியது அமுக்கத்தைக் கட்டுக்குள் வைப்பதும் தவணை தவறாத கிளினிக்கும்தான்.

கேள்வி: எங்கள் வயலில் நிறைய எலி இருக்கிறது. பெரிய எலி ஒன்றைப் பிடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன். ஆராய்ச்சிக்கு அனுப்பலாமா?
– ஏழாம் வகுப்பு மாணவன், கண்டாவளை

பதில்: தம்பி, நீ எழுதிய அளவைப் பார்த்தால் அது அகழான். இந்த ஆராய்ச்சிக்கு வளர்ப்பது பெரும்பாலும் சுண்டெலி, அதுவும் பல தலைமுறை ஒரே கூட்டுக்குள் வளர்த்த இனம். உன்னுடையதை எவரும் வாங்கமாட்டார்கள்.

ஆனால் அதன் சிறுநீரகத்துக்குள் உனக்குத் தெரியாத ஒரு விருந்தாளி இருக்கலாம். எலிக்காய்ச்சல் கிருமி முறுக்கிய நூல் மாதிரி இருக்கும். மேலே முரசுமோட்டை அக்காவுக்கு எழுதினேனே, நுண்குழாயின் முதற்பகுதி, அங்கேதான் அது குடியிருக்கும். எலிக்குப் பெரிதாகத் தீங்கு செய்யாது. எலியின் சிறுநீரோடு வயல்தண்ணீரில் இறங்கி, உன் அப்பாவின் காலில் உள்ள கீறலால் ஏறினால்தான் சிறுநீரகத்தில் கைவைக்கும். விதைப்புக்கு முன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்பு மாத்திரை கேட்கும்படி அப்பாவிடம் சொல். பெட்டியை நீ திறக்காதே, பெரியவர்களிடம் கொடு. பிடித்த அன்று கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினாயா?